ஓடி வரும் தூரம் – 17: ஒரு டெஸ்ட்காரர்கள்

சென்ற வாரம் நேபாளத்து மெஹபூப் ஆலம். 2008-ல் ஜெர்ஸித் தீவில் மொசாம்பிக்கின் 10 விக்கெட்டும் அவர் ஒருவருக்கே, 12 ரன்னுக்கு. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும்.

இந்த வாரம் சேலத்து வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜனின் முழங்காலிலிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருந்தேன். 2021 ஏப்ரலில் நடந்த அறுவைச் சிகிச்சை, அதற்குப் பிறகான நீண்ட காத்திருப்பு, 2024-ல் ஐ.பி.எல்.லில் மீண்டும் 19 விக்கெட். செவ்வாய்க்கிழமை இரவு வரை அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தேதியைச் சரிபார்க்கப் போன இடத்தில் ஓர் எண் கண்ணில் பட்டது. 300. இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய முந்நூறாவது ஆள் நடராஜன். முழங்கால் அங்கேயே நின்றுவிட்டது. மூன்று நாளாக அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறேன்.

அது 2021 ஜனவரி 15. பொங்கலுக்கு மறுநாள். இங்கே மதுரை திருநகரில் நாங்கள் யாரும் அன்று தூங்கவில்லை என்று சொல்லலாம். முதல் நாள்தான் பக்கத்து அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு முடிந்திருந்தது, அன்று பாலமேடு. பாதித் தெரு விடியற்காலையிலேயே பாலமேட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி டி.வி. முன்னால். பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். அங்கே காலை 10 மணி என்றால் நமக்கு 5.30. பும்ரா இல்லை, அஸ்வின் இல்லை, ஜடேஜா இல்லை, விஹாரி இல்லை. ஒருவருக்கு வயிற்றில், ஒருவருக்கு முதுகில், ஒருவருக்கு விரலில், ஒருவருக்குத் தொடையில் காயம். அந்த நிலைமையில் இரண்டு தமிழர்கள் கையில் புதுத் தொப்பி கொடுத்தார்கள். 300 நடராஜன், 301 வாஷிங்டன் சுந்தர்.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையன் பாலமேட்டுக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றபடியே எங்கள் டி.வி.யைப் பார்த்தான். "ஒரு ஓவர் பார்த்துட்டுப் போயிர்றேன் மாமா" என்றான். மத்தியானம்வரை போகவில்லை. அன்று வேடின் விக்கெட்டும் அதையடுத்து சதம் அடித்திருந்த லபுஷேனின் விக்கெட்டும் விழுந்தன. இரண்டும் நடராஜனுக்கு. மறுநாள் ஹேசல்வுட்டின் ஸ்டம்பைச் சாய்த்து ஆஸ்திரேலியாவை 369-ல் முடித்து வைத்ததும் அவர்தான். 78 ரன்னுக்கு 3 விக்கெட். ஜனவரி 19-ஆம் தேதி 328 ரன்னைத் துரத்தி, 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத அந்த மைதானத்தில் இந்தியா ஜெயித்தது. கேப்டன் ரஹானே கோப்பையை வாங்கி நேராக நடராஜன் கையில் கொடுத்தார்.

வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காகத்தான் அவரை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப் போனார்கள். பயிற்சிக்குப் போனவர் ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். இந்தியர் எவரும் அதற்கு முன் செய்யாதது. கான்பெராவில் டிசம்பர் 2 ஒருநாள் போட்டி, டிசம்பர் 4 டி20, ஜனவரி 15 டெஸ்ட். ஒவ்வொரு கதவையும் அவருக்குத் திறந்துவிட்டது இன்னொருவரின் காயம். டி20 அணியில் வருண் சக்ரவர்த்திக்குத் தோளில். ஒருநாள் அணியில் சைனிக்கு முதுகில். டெஸ்டில் உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்காலில்.

இதில் வருண் நம்ம ஊர்க் கணக்கில் வருபவர். கட்டிடக் கலை படித்து, வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுப் பந்தைச் சுழற்ற வந்தவர். 2018-ல் மதுரை பாந்தர்ஸ் தமிழ்நாடு பிரீமியர் லீக்கை ஜெயித்தபோது நம் அணியின் சுழலர். இறுதிப் போட்டியில் அருண் கார்த்திக் ஆடிய ஆட்டம் மட்டும்தான் இங்கே பலருக்கு நினைவிருக்கிறது. எனக்கு வருணின் நாலு ஓவர்கள்தான் நினைவில் நிற்கின்றன. அந்த மதுரைச் சுழலரின் தோள் வலித்ததால் ஒரு சேலத்து வேகக்காரருக்கு இடம் கிடைத்தது. வருணுக்கு வேறொரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

முந்நூறுக்கு வருகிறேன்.

முந்நூறாவது ஆள் நடராஜன் என்றால் முதலாவது ஆள் யார்? 1932 ஜூன் 25, லார்ட்ஸ். இந்தியாவின் முதல் டெஸ்ட். அன்று பதினொரு பேரும் சேர்ந்துதான் இறங்கினார்கள் என்பதால் ஆங்கில அகரவரிசையில் எண் கொடுத்திருக்கிறார்கள். சி.கே. நாயுடு கேப்டன், அவருக்கு 7. முதல் எண் அமர் சிங்குக்கு. ராஜ்கோட்காரர், வேகப்பந்து வீச்சாளர், 7 டெஸ்டில் 28 விக்கெட் எடுத்தவர், 29 வயதில் காய்ச்சலில் இறந்துபோனவர். ஆக ஒன்றும் வேகப்பந்து, முந்நூறும் வேகப்பந்து. இடையில் 88 ஆண்டுகள். இதைக் கண்டபோது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து மொட்டை மாடிக்குப் போய் திருப்பரங்குன்றம் மலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அங்கே நின்றபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. நம் மாநிலத்திலிருந்து இந்த வரிசையில் நின்ற வேகப்பந்து வீச்சாளர்கள் எத்தனை பேர்?

முதல் பெயர் எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டுப் பக்கத்து மொறப்பாக்கத்துக்காரர். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராஸுக்கும் மைசூருக்கும் ஆட்டம். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து அன்று வீசப்பட்டது. வீசியவர் கோபாலன். இன்றுவரை ஆயிரக்கணக்கான ரஞ்சி ஆட்டங்கள், லட்சக்கணக்கான பந்துகள். அத்தனைக்கும் தொடக்கப் பந்து ஒரு தமிழ்நாட்டு வேகக்காரரின் கையிலிருந்து போயிருக்கிறது. அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். அவர் சுழற்பந்து. முதல் நாளிலேயே எழுதிவைத்ததுபோல இருக்கிறது: பந்தைத் தொடங்கி வைத்தவர் வேகக்காரர், விக்கெட்டை அள்ளியவர் சுழலர்.

கோபாலன் ஹாக்கியும் ஆடினார். சாதாரண ஹாக்கி இல்லை, தியான்சந்த் ஆடிய இந்திய அணியின் ஹாக்கி. 1935-ல் அந்த அணியோடு நியூசிலாந்து போனார். அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்ஸ். அதே நேரத்தில் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் அணியும் கிளம்புகிறது. இரண்டிலும் அவருக்கு இடம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி பெர்லினில் தங்கம் வாங்கியது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கொடுக்கவில்லை. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடிய ஒரே டெஸ்டோடு அவர் கணக்கு முடிந்தது. ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட். 2003-ல் சென்னையில் இறந்தபோது 94 வயது. மெட்ராஸும் சிலோனும் ஆண்டுதோறும் ஆடிய கோப்பைக்கு 1950-களில் அவர் பெயரை வைத்தார்கள். இலங்கை டெஸ்ட் நாடாவதற்கு முன் யாழ்ப்பாணத்துக்காரர்களும் கொழும்புக்காரர்களும் அந்தக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்துக்கு வந்து போன கதை தனியாக மூன்று வாரத்துக்கு ஓடும். இப்போது வேண்டாம்.

கோபாலனுக்கு ஒரு டெஸ்ட். நடராஜனுக்கும் ஒரு டெஸ்ட். நடுவில் இருப்பவர்களைப் பாருங்கள்.

சி.ஆர். ரங்காச்சாரி, போலீஸ் அதிகாரி, 4 டெஸ்ட், 9 விக்கெட். 1948-ல் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸ் 631 ரன் குவித்த இன்னிங்ஸில் 107 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தவர். 631 ரன்னில் ஐந்து விக்கெட் எடுப்பவனுடைய தோளையும் நெஞ்சையும் நினைத்துப் பாருங்கள். டி.ஏ. சேகர், 1983-ல் பாகிஸ்தானில் 2 டெஸ்ட், விக்கெட் இல்லை. பரத் அருண், 1986-87-ல் இலங்கைக்கு எதிராக 2 டெஸ்ட், 4 விக்கெட். பிரிஸ்பேனில் நடராஜன் பந்து போட்ட அன்று இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளராக உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தவர் இதே பரத் அருண்தான். பிறகு லட்சுமிபதி பாலாஜி, 8 டெஸ்ட், 27 விக்கெட். 2004-ல் பாகிஸ்தானில் அவர் சிரித்த சிரிப்பை இன்னும் யாரும் மறக்கவில்லை. 2005 மார்ச்சில் பெங்களூரில் அவருடைய கடைசி டெஸ்ட். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 16 ஆண்டுகள், நடராஜன் வரும்வரை, தமிழ்நாட்டு வேகக்காரர் ஒருவர்கூட டெஸ்ட் ஆடவில்லை.

கூட்டிப் பார்த்தேன். பந்துவீச்சை மட்டுமே நம்பி அணிக்குள் போன இந்த ஆறு பேரும் சேர்ந்து 18 டெஸ்ட், 44 விக்கெட். சுழலர் அஸ்வின் ஒருவரே 106 டெஸ்ட், 537 விக்கெட். இன்னொரு சுழலர் வெங்கட்ராகவன் 57 டெஸ்ட்.

நம் மண் சுழலுக்கு உகந்தது, அதனால்தான் இப்படி என்பார்கள். நானும் நெடுநாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அது பாதிக் காரணம்தான் என்று நினைக்கிறேன். டென்னிஸ் லில்லியை வைத்து எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பள்ளி 1987-ல் சென்னையில்தான் தொடங்கியது. சேகரே அங்கே நெடுங்காலம் பயிற்சி கொடுத்தார். ஸ்ரீநாத்தும் ஜாகீர் கானும் அங்கே வந்து கற்றுக்கொண்டு போனார்கள். வெளியூர்ப் பையன்களுக்குக் கைகொடுத்த சென்னை மண் நம் பையன்களுக்கு மட்டும் ஏன் கைகொடுக்கவில்லை? பந்துதான் மீதிக் காரணம். லெதர் பந்து.

நான் வளர்ந்த காலத்தில் திருநகரைச் சுற்றி எங்களுக்கு மைதானம் என்றால் கோடையில் வற்றிய கண்மாய். நிலையூர்க் கண்மாய் வெடித்துக் கிடக்கும்போது கருவேலங்குச்சி மூன்றை நட்டுவிட்டால் ஸ்டம்பு. ஆளுக்கு நாலணா, எட்டணா போட்டு வாங்கிய டென்னிஸ் பந்தின் ரோமம் உதிர்ந்து வழுக்கையாகும்வரை ஆடுவோம். ஒன் பிட்ச் கேட்ச் உண்டு. வைடு அதிகம் போட்டால் பேபி ஓவர், பந்தைப் பிடுங்கி அடுத்தவனிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவன் இருந்தான். அவன் பெயர் வேண்டாம், கப்பலூர் பக்கம் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது பேரப் பிள்ளையோடு இருக்கிறான். அவன் ஓடி வந்து போட்டால் பந்து கண்ணுக்குத் தெரியாது. ஆறு பந்தில் நாலு, மட்டைக்காரனின் கட்டை விரலில் வந்து விழும்.

அவனை ஒரு நாள் நகரத்தில் நடந்த தேர்வுக்கு அனுப்பினோம். எல்லோரும் காசு சேர்த்து பஸ்ஸுக்குக் கொடுத்தோம். அன்றுதான் வாழ்நாளில் முதல் தடவையாக அவன் லெதர் பந்தைக் கையில் பிடித்தான். வழுக்கியது. டென்னிஸ் பந்தைப் போல மூன்று மடங்கு கனம். முதல் பந்து பாதியிலேயே விழுந்தது. இரண்டாவது தலைக்கு மேல் போனது. ஆறு பந்து போடவிட்டு, அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவன் எங்களிடம் ஒரே வார்த்தைதான் சொன்னான்: "அது கல்லுடா." நாற்பது வருஷமாகிறது. நல்ல லெதர் பந்து ஒன்று ஒரு மாதம் அவன் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்காத வருஷம் இல்லை.

டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59 கிராம். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து எப்படி எழும்ப வேண்டும் என்பதற்கு டென்னிஸ்காரர்கள் விதி வைத்திருக்கிறார்கள்: 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் 135 செ.மீ.க்குக் குறையாமல் எழும்ப வேண்டும். பாதிக்கு மேல். வெயிலில் காய்ந்த கண்மாய்த் தரையும் கிட்டத்தட்ட கான்கிரீட்தான். அதில் நடுவாந்தரமாகக் குத்திப் போட்டால் பந்து மெதுவாக, வயிற்று உயரத்துக்கு, 'என்னை அடி' என்று வந்து நிற்கும். திருநகர் மூன்றாவது ஸ்டாப் பக்கம் டீக்கடையில் இந்தச் சந்தேகத்தைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டோர்னமென்ட் ஆடும் தம்பி ஒருவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, டென்னிஸ் பால்ல குட் லெங்த்துன்னு ஒண்ணு கிடையாதுண்ணே. கால்ல போடணும், இல்லேன்னா பந்தைப் பொறுக்கக் கண்மாய்க்குள்ள ஓடணும்."

இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சியாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. லெதர் பந்துக்காரனுக்குக் காலடியில் விழும் யார்க்கர் கடைசி ஓவருக்கான ஆயுதம். டென்னிஸ் பந்துக்காரனுக்கு அதுதான் சோறு. முதல் ஓவரின் முதல் பந்திலிருந்தே அதைப் போட்டாக வேண்டும். இருபது வயதுவரை நடராஜன் சின்னப்பம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் அதைத்தான் போட்டார். அப்பா தறியில் கூலி வேலை, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை, ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஆண்டுக்கணக்கில், ஞாயிறு தவறாமல், கட்டைவிரலைக் குறிபார்த்துப் போட்ட ஆயிரக்கணக்கான பந்துகள். அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அதைப் பார்த்து, சென்னைக்குக் கூட்டிப் போய், லீகில் சேர்த்துவிடாமல் இருந்திருந்தால் அத்தனை பந்தும் சின்னப்பம்பட்டி மண்ணிலேயே புதைந்திருக்கும். எங்கள் நண்பனுக்கு ஒரு ஜெயப்பிரகாஷ் இல்லை.

ஆனால் டென்னிஸ் பந்து கொடுத்ததோடு சும்மா இருக்கவில்லை. லேசான பந்தை வேகமாக அனுப்புவதற்கு முழங்கையைச் சொடுக்க வேண்டும். கனமான பந்தின் கனமே அதைக் கொண்டுபோகும். லேசான பந்துக்குக் கைதான் எல்லாம். அந்தச் சொடுக்கு எலும்பில் ஊறிவிடும். 2015 ஜனவரியில் ரஞ்சியில் முதல் ஆட்டம் ஆடிய கையோடு நடராஜனின் பந்துவீச்சு முறை மீது புகார் வந்தது. சர்வதேச விதிப்படி பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. இருபத்து மூன்று வயதில், ரஞ்சித் தொப்பி தலைக்கு வந்த மாதத்திலேயே, கையை முதலிலிருந்து பழக்கு என்று சொன்னால் எப்படி இருக்கும்? சுனில் சுப்பிரமணியம் உள்ளிட்ட பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து அவர் அதைப் பழக்கினார். கிட்டத்தட்ட ஒரு வருஷம். கையெழுத்தை மாற்றிக்கொள்வது போன்ற வேலை அது. கையெழுத்தாவது ஒரு தாளில் முடிந்துவிடும்.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது திண்டுக்கல் அணிக்காகத் திரும்பி வந்தார். நத்தத்தில் அந்த லீகின் ஆட்டங்கள் நடந்ததால் மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு. தூத்துக்குடி அணிக்கு எதிரான சூப்பர் ஓவரில் வரிசையாக யார்க்கராகவே இறக்கினார். அடுத்த ஆண்டு பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 6 ஆட்டம், 2 விக்கெட். பிறகு ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு ஆண்டு ஓர் ஆட்டம்கூடக் கொடுக்காமல் உட்கார வைத்தது. 2020-ல் கொடுத்தது. 16 விக்கெட். அந்த ஆண்டு ஐ.பி.எல்.லில் அவரளவுக்கு யார்க்கர் போட்டவர் யாரும் இல்லை. அபுதாபியில் 56 ரன்னோடு நின்றிருந்த டி வில்லியர்ஸின் நடு ஸ்டம்பைப் பெயர்த்த பந்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பந்து சின்னப்பம்பட்டியில் பிறந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்த ஓவர் ஒன்று உண்டு. 2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்கு எதிரான மூன்றாவது ஒருநாள் போட்டி. கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 14 ரன் வேண்டும். எதிரே தனி ஆளாக அணியைத் தூக்கி வந்த சாம் கரன். புவனேஷ்வரும் தாக்கூரும் முடித்துவிட்டார்கள். பந்து நடராஜனிடம். டி.வி.யில் முகத்தைக் காட்டினார்கள். டோர்னமென்ட் இறுதியாட்டத்தில் கடைசி ஓவர் போடப் போகிறவனுக்கு இருக்கும் முகம்தான். ஏழு ரன்னில் இந்தியா ஜெயித்தது. கரன் 95-ல் ஆட்டமிழக்காமல் மட்டையில் சாய்ந்து நின்றார். அன்று கரனும் நடராஜனும் இருவருமே பெரிய ஆட்டக்காரர்கள்.

இந்தியாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான். அடுத்த மாதம் முழங்கால்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார்: ஒரு டெஸ்டும் இரண்டு ஒருநாளும் நாலு டி20-யும் ஆடியவருக்கு இத்தனை அத்தியாயமா என்று. மெஹபூப் ஆலம் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவருக்கும் ஒரு அத்தியாயம் கொடுத்தேன். இந்தத் தொடர் ஆட்ட எண்ணிக்கையைப் பற்றியது இல்லை. எங்கிருந்து ஓடி வருகிறார்கள் என்பதைப் பற்றியது. சேப்பாக்கத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் ஒருவர் இருபது அடி ஓடி வருகிறார். சின்னப்பம்பட்டியிலிருந்து வருகிறவர் முந்நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடி வந்துதான் அந்த இருபது அடியைத் தொடங்குகிறார். முழங்கால் என்ன செய்யும்?

கோபாலனை விட நடராஜன் ஒரு விஷயத்தில் மேலே போய்விட்டார் என்பது என் தீர்மானம். கோபாலன் பெயரில் மற்றவர்கள் கோப்பை வைத்தார்கள். நடராஜன் தானே மைதானம் கட்டினார். 2023 ஜூன் 23-ல் சின்னப்பம்பட்டியில் அதைத் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். நல்ல ஆடுகளம், பையன்கள் கையில் லெதர் பந்து. இனி அந்த ஊரிலிருந்து ஒருவன் தேர்வுக்குப் போனால் 'அது கல்லுடா' என்று சொல்லிக்கொண்டு திரும்பி வரமாட்டான்.

நம் பக்கமும் 2025 அக்டோபரில் சிந்தாமணியில் பெரிய ஸ்டேடியம் ஒன்றைத் தோனி வந்து திறந்து வைத்திருக்கிறார். மதுரைக்கு இது வேண்டும், நெடுநாள் கேட்டுக் கிடந்தது. மகிழ்ச்சி. ஆனால் ஸ்டேடியம் வேறு, பையன் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் போய்ப் பந்து போடும் இடம் வேறு. திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் அந்த இரண்டாவது இடம்தான் முதலில் வேண்டும். கண்மாய் நிறையத் தண்ணீர் கிடக்கும் மாதங்களில் எங்கள் பகுதிப் பையன்கள் இன்றும் ரோட்டில்தான் ஆடுகிறார்கள்.

கடந்த வாரம் வீட்டுக்குப் பக்கத்து ஃபாஸ்ட் ஃபுட் கடையில் ஒரு நேபாளத் தம்பியிடம் மெஹபூப் ஆலம் பற்றி எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே கீர்த்திபூர் மைதானத்தைப் பற்றிச் சொன்னார். கூட்டம் வந்தால் மரத்தின் மேலெல்லாம் ஆள் இருக்குமாம். "உங்க ஊர்ல கிரவுண்டு எங்க சார்?" என்று கேட்டார். சிந்தாமணியைச் சொன்னேன். "நடந்து போகலாமா?" என்றார். முடியாது என்றேன்.

முழங்காலுக்கு இந்த வாரம் இடமில்லை. அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கிவிட்டது. அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சையிலிருந்து கட்டாயம் தொடங்குகிறேன். அதற்குள் உங்களிடம் ஓர் உதவி. 1960 முதல் 1990 வரை மதுரை மாவட்ட லீக் ஆட்டங்களின் ஸ்கோர் புத்தகம், அணிப் புகைப்படம், பத்திரிகைத் துண்டு எது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தாலும் அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். அதில் வேகப்பந்து போட்டவர்களின் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.